பிரேக்கில் இருப்பது யாருடைய கால்?

கொழும்பில் ஓடும் ஜப்பான் ரீகண்டிஷன் கார் ஒன்றில் ஏறி ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்கு முன்பே பேசுவது ஒரு பெண்குரல். “ஈ.டி.சி. காதோ கா சோன்யூ சரேத்தே இமாசென்.” நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்று பணிவாகச் சொல்கிறது. ஜப்பானில் பயன்படும் அந்த அட்டைக்கு இங்கே வேலையே இல்லை. ஆனாலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ பேர் தினமும் காலையில் இதைக் கேட்டுக்கொண்டே கேற்றைத் தாண்டுகிறார்கள். பொருட்படுத்த ஒன்றுமில்லை என்று காது பழகிவிட்டது. அதே காரில் அதே மொழியில் வேறு செய்திகளும் வரும் என்பதுதான் சிக்கல். முன்னால் மோதப் போகிறது, பாதைக்கோட்டைத் தாண்டுகிறது, முன் கமரா மறைந்திருக்கிறது. பழகிய காது இவற்றையும் கட்டண அட்டைக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறது.

இலத்திரனியல் உதவிகள் சாரதிக்குத் துணையா தொல்லையா என்ற பேச்சு இங்கே இப்போது சூடுபிடித்திருக்கக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காக்கவென்று நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. தடைக்கு முன் வந்த வெகன்ஆர், விட்ஸ், எக்ஸியோ, வெசல் கார்கள் சிலவற்றில் லேசர் உணரியோ சின்னக் கமராவோ இருந்தன. வாங்கியவர்களில் பலருக்கு அவை இருப்பதே தெரியாது. ஒரே நிறம், ஒரே வருடம், ஒரே பெயர் கொண்ட இரண்டு வெகன்ஆர்களில் ஒன்றில் தானியங்கிப் பிரேக் இருக்கும், மற்றதில் இருக்காது. ‘கார் சேல்’காரர் இரண்டையும் ஒரே வாயால் விற்றிருப்பார். தடை நீங்கிய பின் இறங்கும் கார்களின் கதை வேறு. ஜப்பானோ சீனாவோ, முகப்பில் ரேடார், கண்ணாடிக்குள் கமரா, பம்பர் மூலைகளில் சோனார் என்று முழுச் சீர்வரிசையோடு வருகின்றன.

சந்தியில் நின்று கேட்டால் இரண்டு கட்சி. “கார் தன்ர பாட்டில பிரேக் அடிக்குது, பின்னால வாற பஸ்காரன் கொண்டுவந்து ஏத்தினா ஆர் பதில் சொல்றது?” என்பது ஒன்று. “இனிப் பயமில்லை அண்ணை, காரே பார்த்துக்கொள்ளும்” என்பது மற்றது. எனக்கு இரண்டாவது கட்சியிடம்தான் பயம் அதிகம். ஆனால் இரு தரப்பும் செய்யும் பிழை ஒன்றே. பத்துப் பன்னிரண்டு வெவ்வேறு கருவிகளை ஒரே மூட்டையாகக் கட்டி, மூட்டைக்கே தீர்ப்புச் சொல்கிறார்கள். சாரதி தவறும் கணத்தில் மட்டும் தலையிடும் கருவி ஒரு வகை. சாரதியின் வேலையைத் தானே எடுத்துக்கொண்டு அவரை மேற்பார்வைக்கு உட்கார்த்தி வைக்கும் கருவி இன்னொரு வகை. முதலாவதில் மனிதனுக்கு இயந்திரம் காவல், இரண்டாவதில் இயந்திரத்துக்கு மனிதன் காவல். மனிதன் நல்ல காவலாளி அல்ல. அதை விளக்க, சக்கரம் இறுகாமல் தடுக்கும் பிரேக் கருவியான ஏ.பி.எஸ்.ஸிலிருந்து தொடங்கவேண்டும்.

1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்-கிளாஸ் காரில் பொஷ் நிறுவனத்தின் தயாரிப்பாக ஏ.பி.எஸ். வந்தது. ஈர வீதியில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் இறுகிவிடும். இறுகிய டயர் சறுக்கும்போது ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேரேதான் போகும். ஏ.பி.எஸ். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் அளந்து, இறுகும் தறுவாயில் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைத் தளர்த்தி, மறுபடி கொடுத்து, நொடிக்குப் பல தடவை இதையே செய்கிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டே திருப்பலாம் என்பதுதான் இதன் முழுப் பயன். தூரம் எப்போதும் குறையும் என்பதில்லை, தளர்ந்த சரளைக் கல்லில் கூடவும் செய்யும். மிதியில் படபடவென்று ஓர் அதிர்வு காலுக்குத் தெரியும். முன்பின் அறியாதவர் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுப்பார், உதவி அத்தோடு முடிந்தது. ஆளில்லாத இடத்தில் ஒருமுறை ஓங்கி மிதித்துப் பார்த்தால் அந்தப் பயம் போய்விடும். இதைப் பழக்கிக் காட்டும் ‘லேர்னர்ஸ்’ ஆசிரியரை நான் இன்னும் கண்டதில்லை.

இவ்வளவு நல்ல கருவி வந்ததும் விபத்து குறையும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். 1980களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் டாக்ஸிகளில் ஒரு பகுதிக்கு ஏ.பி.எஸ். பூட்டி, மற்றவற்றை அப்படியே விட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விபத்துகளில் சொல்லத்தக்க வித்தியாசம் வரவில்லை. ஏ.பி.எஸ். உள்ள சாரதிகள் வளைவுகளை வெடுக்கென்று திருப்பினார்கள், பாதைக்குள் ஒழுங்காக நிற்பதில் அசட்டை காட்டினார்கள், மற்ற வாகனங்களோடு முட்டுப்படும் தருணங்கள் அவர்களுக்குக் கூடின. கருவி தந்த பாதுகாப்பை வேகமாகவும் துணிச்சலாகவும் மாற்றிச் செலவழித்துவிட்டார்கள். ஆளுக்கு ஆள் மனதில் ஓர் அபாய அளவு உண்டு, அதைக் குறைத்துக் கொடுத்தால் வேறு வழியில் நிரப்பிக்கொள்வார்கள் என்று கனடாவின் உளவியலாளர் ஜெரால்ட் வைல்ட் இதை ஒரு கோட்பாடாகவே விரித்தார். அதற்கு எதிர்ப்பும் நிறைய உண்டு. எனக்கும் முழு உடன்பாடில்லை, ஏனென்றால் அடுத்து வந்த கருவி அதைப் பொய்யாக்கியது.

1995இல் வந்த இ.எஸ்.சி. என்ற சறுக்கல் தடுப்புக் கருவி, கார் சாரதி திருப்பிய திசையில் போகிறதா, சறுக்கி வேறு திசையில் போகிறதா என்று பார்க்கிறது. சறுக்கினால் நான்கில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து மூக்கை இழுத்து நேராக்குகிறது. மனிதக் காலால் இது முடியவே முடியாது, நமக்கு இருப்பது ஒரு மிதிதான். 1997இல் சுவீடனில் ஒரு சோதனை ஓட்டத்தில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கார் புரண்டுவிழுந்து மானம் போனதும், அந்த நிறுவனம் இந்தக் கருவியைத் தன் சின்னக் கார்களுக்கும் கட்டாயமாக்கியது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். தனி வாகனம் கட்டுப்பாடிழந்து நிகழும் மரண விபத்துகளை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது என்று அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. அங்கே 2012 மொடலிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் சட்டமாகிவிட்டது. அது வேலை செய்ததே பெரும்பாலும் சாரதிக்குத் தெரியாது. மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு கண்சிமிட்டும், அவ்வளவுதான். தெரியாத உதவியை யாரால் செலவழிக்க முடியும்? ஒரு கருவி உதவுமா கெடுக்குமா என்று தீர்மானிக்க எனக்குக் கிடைத்த நல்ல அளவுகோல் இதுதான்.

தானியங்கி அவசரப் பிரேக் இந்த அளவுகோலில் நடுவில் நிற்கிறது. 2003இல் ஹொண்டா தன் இன்ஸ்பயர் காரில் இதன் முதல் வடிவத்தைக் கொண்டுவந்தது. 2008இல் வொல்வோவும் சுபாருவும் தங்கள் வழியில் வந்தன. பயன் உண்டா என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. குறைந்த வேகத்தில் இயங்கும் அவசரப் பிரேக் பின்புற மோதல்களை 38 சதவீதம் குறைத்ததாக ஐரோப்பிய மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கெப் 2015இல் வெளியிட்டது. அமெரிக்கக் காப்புறுதித் துறையின் ஆய்வு நிறுவனம் இன்னொரு வித்தியாசத்தைக் காட்டியது. எச்சரிக்கை ஒலி மட்டும் உள்ள கார்கள் முன்வாகனத்தில் மோதுவது 27 சதவீதம் குறைந்தது, ஒலியோடு பிரேக்கும் பிடிக்கும் கார்களில் 50 சதவீதம். மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது நொடிக்குப் பதினான்கு மீற்றர். ஒலி கேட்டு, தலை நிமிர்த்தி, புரிந்து, காலை நகர்த்துவதற்குள் ஒரு நொடிக்கு மேல் போய்விடும்.

அப்படியானால் கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதியில் ஏன் இத்தனை பேர் இதை அணைத்துவைக்கிறார்கள்? கருவி போடும் கணக்கைப் பார்த்தால் புரியும். முன்னால் இருக்கும் பொருளின் தூரத்தை, இரண்டும் நெருங்கும் வேகத்தால் வகுத்தால் மோதலுக்கு எத்தனை நொடி என்று வரும். அது இரண்டு நொடி அளவுக்கு இறங்கினால் ஒலி. ஒரு நொடி அளவுக்கு வந்தும் சாரதி அசையாவிட்டால் பிரேக். எல்லைகள் மொடலுக்கு மொடல் சற்று மாறும், தத்துவம் ஒன்றுதான்.

பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு மாலை ஆறு மணிக்கு மணிக்கு முப்பது கிலோமீற்றரில் போகிறீர்கள். முன்காருக்கும் உங்களுக்கும் ஐந்து மீற்றர். இரண்டும் ஒரே வேகத்தில் போகும்வரை கணினிக்குக் கவலையில்லை, நெருங்கும் வேகம் சுழியம். அந்த ஐந்து மீற்றரைக் கண்ட முச்சக்கர வண்டி ஒன்று இடப்பக்கத்திலிருந்து மூக்கை நுழைத்து, கையோடு பிரேக்கும் பிடிக்கிறது. இப்போது தூரம் இரண்டு மீற்றர், நெருங்கும் வேகம் நொடிக்கு மூன்று மீற்றர். கணக்கு ஒரு நொடிக்குக் கீழே விழுகிறது. அவர் நிற்கப்போவதில்லை, அடுத்த கணம் வலப்பக்கம் வெட்டிப் போய்விடுவார் என்பது உங்களுக்குத் தெரியும். ஹாண்டிலில் அவருடைய தோள் சாய்ந்திருக்கும் விதம் அதைச் சொல்லிவிடுகிறது. கமரா தோளைப் படிப்பதில்லை. ஜப்பானிய வீதிகளில் பழக்கி எடுத்த கருவிக்கு, இரண்டு மீற்றர் இடைவெளியில் ஒருவர் மனமறிந்து நுழைவார் என்ற எண்ணமே கிடையாது. ஆகவே பிரேக். பின்னால் 100ஆம் இலக்க பஸ்ஸின் ஹோர்ன்.

பின்னால் வருபவர் மோதிவிடுவார் என்ற பயமும் வெறும் சாட்டு அல்ல. அதே அமெரிக்க ஆய்வில், அவசரப் பிரேக் உள்ள கார்கள் பின்னாலிருந்து மோதப்படுவது சற்றுக் கூடியிருந்தது. முன்னால் தவிர்த்தவற்றோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. ஆனாலும் நம் ஊர் பஸ்கள் விடும் இடைவெளியை நினைத்தால் அந்தக் கவலையைச் சிரித்துத் தள்ள முடியாது.

என் தீர்ப்பு, அணைக்கவேண்டாம் என்பதுதான். நகர நெரிசலில் நடக்கும் பம்பர் முட்டல்களுக்குக் காரணம் முச்சக்கர வண்டிகளின் சாகசத்தைவிட, மடியில் கிடக்கும் வாட்ஸ்அப். சாரதி குனிந்திருக்கும் அந்த ஒன்றரை நொடியைத்தான் இந்தக் கருவி காக்கிறது. எச்சரிக்கை வரும் நேரத்தை ‘தூரம், நடு, கிட்ட’ என்று மாற்றும் வசதி பல கார்களில் உண்டு. கொழும்புக்குக் ‘கிட்ட’ என்பதே பொருந்தும். பாதித் தொல்லை அதோடு தீரும். அமைப்புப் பக்கம் ஜப்பான் மொழியில் இருப்பதால் யாரும் அங்கே போவதில்லை. போனிலுள்ள மொழிபெயர்ப்புக் கமராவைத் திரையில் பிடித்தால் பத்து நிமிட வேலை.

இன்னொரு தவறான நம்பிக்கை இதைவிட ஆபத்தானது. 2013, 2014 அளவில் ஜப்பானில் விற்ற வெசல், வெகன்ஆர் கார்களிலிருந்த லேசர் வகைப் பிரேக், மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்குக் கீழேதான் தலையிடும். மனிதர்களை அடையாளம் காணாது. 2015 முதல் டொயோட்டாவின் சின்னக் கார்களில் வந்த ‘சேஃப்டி சென்ஸ் சி’ வேகத்தில் தேறியது, ஆனால் அதுவும் பாதசாரிக்குப் பிரேக் பிடிக்காது. “எங்கட காரில ஓட்டோ பிரேக் இருக்கு” என்று சொல்லிக்கொண்டு அதிவேக நெடுஞ்சாலையில் நூறில் போகிறவர் தன்னிடம் இல்லாத ஒன்றை நம்பிப் போகிறார்.

பாதசாரியை அறியும் புதிய கருவிகளிலும் ஒரு பெரிய ஓட்டை. அவை பாதசாரி மோதல்களை 27 சதவீதம் குறைத்ததாக 2022இல் வந்த ஆய்வு, வீதிவிளக்கில்லாத இருட்டில் பயன் எதுவுமே தெரியவில்லை என்றும் சொன்னது. இலங்கையில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் வீதியில் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பங்கு நடந்துபோனவர்களும் மோட்டார் சைக்கிளில் போனவர்களும். கருவி காருக்குள் இருப்பவரை நன்றாகக் காக்கிறது, வெளியே நடப்பவரைப் பகலில் ஓரளவு.

இனிக் கண்ணாடிக்கு வருவோம். முன் கமரா இருக்குமிடம், விண்ட்ஸ்கிரீனின் நடு உச்சி, பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால். புதுக் கார் வாங்கியதும் நாம் முதலில் போவது கோயிலுக்கு. ஐயர் கர்ப்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனத்தையும் குங்குமத்தையும் கண்ணாடியின் நெற்றியில் அழுத்திப் பொட்டிடுகிறார். அந்த நெற்றிக்கு நேர் பின்னால்தான் கமராவின் கண். ‘முன் கமரா மறைந்திருக்கிறது’ என்று மீட்டரில் ஜப்பானிய எழுத்து ஓடும். வாசிக்க யாருமில்லை. மழை கழுவும்வரை அந்தக் காரின் பாதுகாப்பு முழுவதையும் கடவுள் ஒருவரே தனியாகப் பார்த்துக்கொள்கிறார். பொட்டு வைக்கவேண்டாம் என்று சொல்லவில்லை, பொனட்டில் வைக்கச் சொல்லலாம். வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதி அட்டையும் கீழ்மூலையில் இருப்பதால் தொல்லையில்லை. நடுவில் ஆடும் மாலையும் மேலே ஒட்டிய கறுப்புப் பட்டையும்தான் பிரச்சினை.

இதைவிட மோசமானது கராஜில் நடக்கிறது. கல் பட்டு வெடித்த கண்ணாடியை மாற்றினால், புதிய கண்ணாடியில் கமராவைப் பூட்டிய பிறகு அதை அளவுத்திருத்தம் செய்யவேண்டும். காருக்கு முன்னால் குறித்த தூரத்தில், குறித்த உயரத்தில் ஒரு குறிப்பலகையை நிறுத்தி, ஸ்கேனர் கருவியைச் செருகி, ‘நேர் என்பது இது’ என்று கமராவுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை அது. பார்வை ஒரு பாகை விலகினால் நூறு மீற்றருக்கப்பால் ஒன்றே முக்கால் மீற்றர் பிழை வரும். உங்கள் பாதையில் நிற்கும் வாகனத்தைப் பக்கத்துப் பாதையில் நிற்பதாகக் கமரா எண்ண அது போதும். பம்பருக்குப் பின்னால் இருக்கும் ரேடாருக்கும் இதுவே விதி. ஒரு முட்டலுக்குப் பின் பம்பரைத் தட்டி நிமிர்த்தி, தடித்த புட்டி பூசி, தீந்தை அடித்துக் கொடுத்தால் கண்ணுக்குப் புதுசு. புட்டியின் தடிப்பும் தீந்தையிலுள்ள உலோகத் துகளும் ரேடார் அலையைக் கெடுக்கும் என்பது வெளியே தெரியாது. பஞ்சிகாவத்தையில் பாவித்த பம்பரும் கமராவும் கிடைக்கும். பூட்டவும் ஆள் உண்டு. பூட்டிய பிறகு குறிப்பலகை வைத்துத் திருத்தும் வசதி உள்ள இடங்கள் குறைவு, கேட்கும் வாடிக்கையாளர் அதைவிடக் குறைவு. எனக்குத் தெரிந்த ஒரு கராஜ் பாஸ், அதாவது மெக்கானிக், நல்ல கைகாரர். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதன் வயரைக் கழற்றிவிட்டு, “இப்ப சரி ஐயா” என்பார்.

சூரியனும் தன் பங்கைச் செய்யும். காலி வீதி வடக்குத் தெற்காகப் போவதால் அங்கே பெரிய தொந்தரவில்லை. அதிலிருந்து மரைன் டிரைவுக்கு இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகள் எல்லாம் நேர் மேற்கு. மாலை ஐந்தரைக்கு அந்த வெளிச்சத்தில் கமரா சிலநேரம் கையை விரித்துவிடும். அடைமழையில் லேசரும் அப்படித்தான்.

இரண்டாவது வகைக்கு வருகிறேன். முன்வாகனத்தின் வேகத்துக்கேற்பத் தானே கூட்டிக் குறைத்துப் போகும் குரூஸ் கட்டுப்பாடு, பாதையின் நடுவில் காரை வைத்திருக்கும் ஸ்டியரிங் உதவி. கொட்டாவையில் ஏறிக் காலிக்குப் போகும் ஒரு மணித்தியாலத்துக்கு இவை இரண்டும் இருந்தால் சொர்க்கம் என்பார்கள். 2011இல் திறந்த அந்தத் தெற்கு அதிவேக நெடுஞ்சாலைதான் இவற்றுக்கு ஓரளவு பொருந்தும் நம் வீதி. கோடுகள் தெளிவு, சந்திகள் இல்லை, வேக எல்லை நூறு. முச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அனுமதியில்லை. எல்லாம் ஒழுங்காகப் போவதுதான் இங்கே ஆபத்து.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையின் ரேடார் திரைகளுக்கு முன் உட்கார்ந்தவர்கள் நேரம் போகப் போக எதிரியைத் தவறவிடுவதைக் கண்டு, நோர்மன் மெக்வேர்த் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கடிகார முள் போன்ற ஒன்று படிப்படியாக நகரும், எப்போதாவது ஒரு தடவை இரட்டைப் பாய்ச்சல் பாயும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்தவேண்டும், அவ்வளவே வேலை. முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே தவறுகள் சடாரென்று கூடின. முடிவு 1948இல் வெளிவந்தது. சோம்பல் அல்ல காரணம், மூளையின் அமைப்பே அப்படி. அடுக்குமாடி வாசலில் இரவுக் காவலுக்கு இருப்பவர் வருடக்கணக்காகக் கள்ளனைக் காணாதபோது கண்ணயர்வதைப் போலத்தான், நூறு கிலோமீற்றர் பிழையின்றி ஓடிய காரின் சாரதியும். 1983இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் இதிலுள்ள முரணைச் சுட்டிக்காட்டினார். சுலபமான வேலையை எல்லாம் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, இயந்திரத்தால் முடியாத கடினமான கணத்தை மட்டும், பயிற்சி குறைந்து கவனமும் கலைந்திருக்கும் மனிதன் கையில் திணிக்கிறோம்.

அதற்கு அத்தாட்சி 2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கிடைத்தது. டெம்பி நகரில் ஊபர் நிறுவனத்தின் தானோட்டிச் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரவில் வீதியைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. கண்காணிக்கவென்றே சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்தவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வொல்வோ காரில் தொழிற்சாலை பூட்டிய அவசரப் பிரேக் உண்டு. தானோட்டி இயங்கும்போது அதை அணைத்துவைத்திருந்தார்கள். காவலுக்கு இருந்த இயந்திரத்தை வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு மனிதரை இருத்தியிருந்தார்கள்.

நம் நெடுஞ்சாலையில் கவனிக்கவேண்டிய ஒரு நுட்பம் உண்டு. ரேடார் நகரும் பொருளை நன்றாக அறியும். பாலம், பெயர்ப்பலகை, வீதியோர வேலி எல்லாம் அசையாத எதிரொலிகளாகத் திரும்பி வருவதால், வேகமாகப் போகும்போது அசையாதவற்றைப் பொருட்படுத்தாமல் விடும்படி பழைய குரூஸ் கருவிகள் அமைந்திருந்தன. எல்லாவற்றுக்கும் பிரேக் பிடித்தால் கார் நகராது அல்லவா? விளைவு, நூறில் போகும்போது பாதையில் பழுதாகி நின்றுவிட்ட லொறி அந்தக் கருவிக்குப் பாலத்துக்குச் சமம். கையேட்டில் இந்த எச்சரிக்கை இருக்கும், ஜப்பானிய மொழியில்.

பாதைக்கோட்டு உதவி கொழும்புக்குள் தூங்கிவிடும். பெரும்பாலான கார்களில் மணிக்கு ஐம்பது அறுபதுக்கு மேல்தான் விழிக்கும். யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் விழித்தால் ஒரு வேடிக்கை காட்டும். உழவு இயந்திரத்தையோ சைக்கிளையோ முந்த விலகும்போது சிக்னல் போட்டால் ஒன்றும் செய்யாது, போடாமல் விலகினால் ஸ்டியரிங்கைத் திருப்பி இழுக்கும். சிக்னல் போடாதவரைப் பிடித்துத் திருத்தும் ஒரே பொலிஸ்காரர் இவர்தான் என்பதால் எனக்கு இந்தக் கருவியில் ஒரு தனிப் பிரியம். ஆனால் எதிரே பஸ் வரும்போது சைக்கிளை நோக்கி இழுத்தால் பிரியம் போய்விடும். மாங்குளம் தாண்டி ஓரக்கோடு அழிந்த இடங்களில் அணைத்துவிட்டே போகலாம்.

கோடை விடுமுறைக்கு டொரொன்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் மருமக்களிடம் வேறொரு மாற்றம் தெரிகிறது. பக்கக் கண்ணாடியில் மஞ்சள் விளக்கு எரிந்தால் பக்கத்தில் வாகனம், எரியாவிட்டால் இல்லை என்று பழகிய பிள்ளைகள், இங்கே மாமாவின் 2003 கொரொல்லாவை எடுத்துக்கொண்டு போகும்போது தலையைத் திருப்பிப் பார்க்க மறந்துபோகிறார்கள். விளக்கே இல்லாத காரில் விளக்கு எரியவில்லை என்பது அவர்களுக்கு ‘வழி இருக்கிறது’ என்றாகிவிடுகிறது. கருவி இருக்கும்போது கெடுப்பதில்லை. பழக்கிவிட்டு இல்லாமல் போகும்போது கெடுக்கிறது.

ஒலியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2024 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் வேக எல்லை எச்சரிக்கை கட்டாயம். அணைக்கலாம், அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது தானே உயிர்பெறும். அங்கே பலர் காரில் ஏறியதும் முதல் வேலையாக அதை அணைக்கப் பழகிவிட்டார்கள். தவறாக அடிக்கும் ஒவ்வொரு மணியும் சரியாக அடிக்கப்போகும் மணியின் மதிப்பைக் குறைக்கிறது.

கடைசியாக, பெரிதாகப் பேசப்படாத ஒரு கருவி. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இக்கெபுக்குரோவில் 87 வயதுச் சாரதி பிரேக் என்று நினைத்து அக்ஸிலேட்டரை மிதித்ததில் ஒரு தாயும் சின்ன மகளும் இறந்தார்கள். ஜப்பானையே உலுக்கிய விபத்து அது. நின்ற இடத்தில் முன்னால் சுவரோ வாகனமோ இருக்கும்போது அக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தால், எஞ்சினின் வலுவை வெட்டிவிடும் கருவி அங்கே அதற்கு முன்பே பல கார்களில் இருந்தது. 2028 செப்டெம்பரிலிருந்து புதிய ஓட்டோ கியர் கார்களுக்கு அதை ஜப்பான் கட்டாயமாக்குகிறது. சாரதி தவறும் ஒரு கணத்தில் மட்டும் தலையிடும். மற்ற நேரங்களில் இருப்பதே தெரியாது. என் அளவுகோலில் முதல் இடம் இதற்குத்தான்.

வெள்ளவத்தை அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில், தூணுக்கும் தூணுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியில் கார் நிறுத்தும் எழுபது வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். கியர் மாற்றிப் பழகிய கால் ஓட்டோ கியரில் தடுமாறுவது இயல்பு. அவர்களிடம் இருக்கும் வெகன்ஆரில் லேசர் பிரேக் இருந்தால் அநேகமாக இந்தக் கருவியும் கூடவே இருக்கும். காலி வீதியில் பிரேக் தொல்லை தருகிறதென்று அவர்கள் அழுத்திவைக்கும் ‘ஓஃப்’ பொத்தான் பல மொடல்களில் இதையும் சேர்த்தே அணைத்துவிடுகிறது. பெற்றோருக்குக் கார் தேடும் பிள்ளைகள், ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையைக் குறித்துத் தரும் ஆக்ஷன் ஷீட்டில் மைலேஜையும் கிரேடையும் கேட்பதோடு, இந்தக் கருவி இருக்கிறதா, அதன் பொத்தான் எது, முன்கண்ணாடியோ பம்பரோ மாற்றப்பட்டிருந்தால் அளவுத்திருத்தம் செய்தார்களா என்பதையும் கேட்கலாம். விற்பவருக்குத் தெரியாவிட்டால், விலைக்கழிவு கேட்க அது நல்ல காரணம்.